நடையிலே நோய் கண்ட டூசென்

தொலைவிலே ஒருவர் வரும்போது, அவர் முகம் தெளிவாகத் தெரியுமுன்னரே, இன்னார் வருகின்றார் என்று நாம் அறிந்துகொள்ளுகின்றோம். நடை அவரைக் காட்டிக்கொடுத்து விடுகின்றது. கல்லூரி விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் எவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரவு விளக்கணைத்த பின் விறாந்தையிலே கேட்கும் காலடி விடுதிப் பொறுப்பாசிரியருடையதா, சமையற்காரருடையதா என்று படுக்கையிற் கிடந்தவாறே தீர்ப்பளித்தவர்கள் நாம். அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழைத்ததில்லை. எல்லார்க்கும் உரிய இவ்வெளிய அறிவை ஒரு விஞ்ஞானமாக உயர்த்தி, ஒருவர் நிற்கும் நிலையையும் அடியெடுத்து வைக்கும் வகையையும் கொண்டே எத்தசை தளர்ந்தது, எந்நரம்பு கெட்டது என்று சொல்லவல்லவராய் விளங்கிய ஒரு வைத்தியரின் வரலாறே ஈண்டு எழுதப்படுகின்றது. அவர் பிரான்சு தேசத்தவரான கியோம் டூசென். வைத்தியம் பயில்வோர் அவர் பெயரை ஒரு நோயின் பெயராக அறிவர்; அவர் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே.

டூசென் 1806 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆந் திகதி, ஆங்கிலக் கால்வாயின் கரையிலுள்ள பூலோன் என்னும் துறைமுக நகரிலே பிறந்தார். அவர் குடும்பம் கடலோடிகளின் குடும்பம். தந்தையார் கப்பற் தலைவர். நெப்போலியன் காலத்துக் கடற்போர்களிலே பெயர் பெற்றவர். மகனும் தம்மைப் போலவே கடலேற வேண்டுமென்பது அவர் விருப்பம். மைந்தரோ கல்வியை விரும்பினார். தூவே என்னும் ஊரிலே கல்லூரிப் படிப்பை முடித்துப் பாரிஸ் மாநகர் சென்று வைத்தியம் பயின்றார். நெஞ்சொலி கேட்கும் குழாயைக் கண்டுபிடித்த லாயினெக்கு முதலிய பேராசான்கள் அங்கே கற்பித்த காலம் அது. 1831 ஆம் ஆண்டில் டூசென் பட்டம் பெற்றார். இலண்டனிலே பரடே என்பார் காந்தத்திலிருந்து மின்னோட்டத்தைத் தூண்டும் விதியைக் கண்டறிந்ததும் அதே ஆண்டிலேயாம். அவ்விரு செய்திகளும் பின்னர் ஒன்றோடொன்று பிணையும் என்று அன்று நினைத்தார் எவருமிலர்.

பட்டம் பெற்றவர் தலைநகரிலே தங்காது பூலோனுக்கே மீண்டு வைத்தியத்தொழிலை மேற்கொண்டார், திருமணமுஞ் செய்தார். இரண்டாண்டுக்குள் அவ்வில்வாழ்வு குலைந்தது. 1833 ஆம் ஆண்டில் மனைவியார் ஓர் ஆண்மகவைப் பெற்றுப் பேற்றுக் காய்ச்சலால் இறந்தார். பிள்ளைப்பேற்றின்போது துணையாக நின்றவர் கணவர் ஒருவரே. ஆதலால், அவரே இறப்புக்குக் காரணர் என்று மாமியார் ஊரெங்கும் தூற்றலானார். குழந்தையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். கிருமிகளைப் பற்றிய அறிவு தோன்றாத காலம். பேற்றுக் காய்ச்சல் எங்ஙனம் வருகின்றது என்பதை அன்று ஐரோப்பாவிலே தெளிவாக உணர்ந்த வைத்தியர் மிகச் சிலர். ஆயினும் பழியை ஏற்றவர் இவரே. சிறு நகரிலே வைத்தியர் ஒருவருக்கு இத்தகைய பழி வந்தால் நோயாளர் அவர் வாயிலை மிதிப்பரோ? மனைவியை இழந்து, மகனையும் பிரிந்து, மனந்தளர்ந்து ஏறக்குறைய பத்தாண்டு அவ்வூரிலேயே கழித்தார். பின்பு செய்துகொண்ட இரண்டாந் திருமணமும் அமைதி தரவில்லை.

இருளடைந்த அவ்வாண்டுகளிலே அவருக்கு ஒரு பற்றுக்கோடு கிடைத்தது. தோலினுள்ளே ஊசி குத்தி அதன் வழியாக மின்சாரம் செலுத்தும் சிகிச்சையை அக்காலத்தார் சிலர் கையாண்டனர். டூசெனும் அதனைச் செய்து பார்த்தார். மின்சாரம் பட்ட இடத்திலே தசை சுருங்குவதைக் கண்டார். சிகிச்சையைப் பார்க்கினும் அச்சுருக்கமே அவர் கருத்தை ஈர்த்தது. ஊசியைக் களைந்து, நனைத்த இரண்டு முனைகளைத் தோலின்மேல் வைத்தாலே போதும், அடியிலுள்ள ஒரு தசையை மாத்திரம் தனியாக இயக்கலாம் என்பதைக் கண்டுகொண்டார். பரடேயின் விதிப்படி அமைந்த தூண்டற் சுருளே அவருடைய கருவி. இம்முறைக்குப் பரடேயின் பெயரையே இட்டு வழங்கினார்.

1842 ஆம் ஆண்டில் அக்கருவியோடு பாரிஸ் சென்றார். அப்போது அவருக்கு அகவை 36. வைத்தியசாலையிலே பதவியில்லை, பல்கலைக்கழகத்திலே இடமில்லை, செல்வாக்குள்ள நண்பரும் இலர். ஏறத்தாழ இதே ஒலியுடைய பெயரைத் தாங்கிய மற்றொரு வைத்தியர் பாரிஸ் மேட்டுக்குடியினரிடையே புகழ்பெற்றிருந்தாராதலின், மயக்கம் நேராதிருத்தற் பொருட்டுத் தம் பெயரோடு ஊர்ப்பெயரையுஞ் சேர்த்துப் பூலோன் டூசென் என்று எழுதலானார். பதவிக்குப் பதிலாக அவர் பெயரோடு ஒட்டியது அவ்வூர்ப்பெயர் ஒன்றுதான். இறுதிவரையும் வேறொன்று ஒட்டவில்லை.

காலை வேளைகளிலே மின்கருவியைச் சுமந்துகொண்டு வைத்தியசாலை வைத்தியசாலையாக ஏறியிறங்குவார். வாதநோயாளரைத் தேடுவார். அவர்களை நிற்கச் சொல்லுவார், நடக்கச் சொல்லுவார், படுக்க வைத்து ஒவ்வொரு தசையாகத் தொட்டுச் சோதிப்பார். அவர் கேட்கும் கேள்விகளோ முடிவில்லாதவை. குறுகிய தடித்த உருவமும், கரையோர மக்களின் பேச்சும், ஒன்றைப் பற்றினால் விடாத இயல்பும் உடையவர். இளவைத்தியர் சிலர் அவரை எள்ளி நகையாடினர். வேறு சிலர் வேண்டாத விருந்தாளியாகக் கண்டு விரட்டினர். அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு நோயாளர் ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் இவரும் பின்தொடர்ந்து செல்வார். சிலரைப் பல்லாண்டுகள் விடாது கண்டு குறிப்பெடுத்தார். தமக்கென நோயாளர் விடுதி இல்லாதவருக்குப் பாரிஸ் நகரம் முழுவதுமே நோயாளர் விடுதியாயிற்று. பதவியிலிருந்த வைத்தியர் தம் விடுதி நோயாளரையே கண்டனர். பதவியற்ற இவரோ அனைவரையுங் கண்டார். அரியதொரு நோய் பத்து விடுதிகளிற் பத்துப் பேராகச் சிதறிக் கிடப்பினும், அவர்களைச் சேர்த்து ஒன்றெனக் காண வல்லவர் அவரே ஆனார்.

அவர் கண்டவற்றை அறியுமுன், நடத்தல் என்பது எத்துணை அரிய செயல் என்பதைச் சிறிது சிந்தித்தல் வேண்டும். ஒரு காலை எடுக்கும்போது உடலின் பாரம் முழுவதையும் மற்றைக் கால் தாங்குகின்றது. அப்போது தாங்குகின்ற பக்கத்து இடுப்புத் தசைகள் இடுப்பெலும்பை இறுகப் பற்றாவிட்டால், எடுத்த காலின் பக்கம் இடுப்பு சரிந்துவிடும். அச்சரிவைத் தவிர்க்க நோயாளர் தம் உடலைத் தாங்கும் காலின் பக்கமாகச் சாய்க்கின்றார். இரு புறமும் தசை தளர்ந்தாலோ, ஒவ்வோர் அடிக்கும் உடல் இடமும் வலமும் சாய்ந்து வாத்துநடையாகின்றது. இந்தச் சாய்வை விளக்கியவர் டூசென். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகின்றது. பாதத்தை மேலே தூக்கும் தசை வலியிழந்தால் பாதம் தொங்கும். நுனி நிலத்திலே தடுக்கும். தடுக்காதிருக்க முழங்காலை உயரத் தூக்கி, வெள்ளத்தில் நடப்பவர்போல நடக்க நேரும். தொடையின் முன்தசை தளர்ந்தால் முழங்கால் மடிந்து விழும்; அதனைத் தாங்க நோயாளர் அடிதோறும் கையாலே தொடையை அழுத்துவர். இளம்பிள்ளைவாதம் கண்ட பிள்ளைகளிடத்தே இக்காட்சியை நம் நாட்டிலும் முன்னைய தலைமுறையினர் கண்டிருப்பர். எத்தசை போயிற்றோ அதற்கேற்பவே நடையின் பிழை அமைகின்றது; பிழையை அறிந்தால் தசையை அறியலாம். அவர் 1867 ஆம் ஆண்டிலே வெளியிட்ட, உடலியக்கங்களைப் பற்றிய பெருநூலின் அடிப்படை இதுவே. உயிருள்ள உடலிலே மின்முனையைக் கொண்டு தசை தசையாக இயக்கி, அத்தசை இல்லாத நோயாளரோடு ஒப்பிட்டு எழுதப்பட்டது அந்நூல். பிணத்தை அறுத்துக் கற்றவர்கள் காணமுடியாத பல செய்திகள் அதனுள் உள்ளன.

டூசெனுக்கு முன்னர், நடக்கமாட்டாதவர் பெரும்பாலாரையும் வாதநோயாளர் என்ற ஒரு பெயருள்ளே அடக்கினர். 1858 ஆம் ஆண்டளவிலே டூசென் அவர்களுள் ஒரு கூட்டத்தாரைப் பிரித்தெடுத்தார். இவர்கள் கால்களை அகல வைப்பர். ஒவ்வோர் அடியையும் அளவுக்கு மிஞ்சி எறிந்து குதிக்காலை நிலத்திலே ஓங்கி அடிப்பர். கண்ணைத் தம் பாதத்தினின்றும் எடுக்கமாட்டார். இருட்டிலே ஓரடியும் வைக்க இயலாது. காலையிலே முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினால் விழுந்துவிடுவர். இவர்களைப் படுக்க வைத்துக் காலை மடக்க முயன்றார் டூசென், மடக்க முடியவில்லை! அத்துணை வலிமை தசைகளிலே இருந்தது. வாதம் என்றால் வலியிழப்பு, இவர்களிடமோ வலியிழப்பில்லை. கால் எங்கே இருக்கின்றது என்ற உணர்வே இவர்களிடம் அழிந்துவிட்டது. அழிந்த உணர்வின் வேலையைக் கண் செய்துவந்தது. கண்ணை மூடினால் தள்ளாடும் இவ்வறிகுறியைப் பேர்லின் நகரத்து றொம்பேர்க்கு என்பார் அதற்கு முன்னரே எழுதியிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் முறை. டூசென் இதன் காரணம் சிறுமூளையில் இருக்கலாம் என எண்ணினார். அது தவறு. முண்ணாணின் பின்புறத்து நரம்பிழைகள் அழிவதே காரணம் என்பதைப் பிறர் நிறுவினர். சிபிலிசு என்னும் மேகநோய் பல்லாண்டு கழித்து விளைக்கும் கேடு இது என்பதும் பின்னரே தெளிவாயிற்று. ஆயினும், தளர்ந்த நடையும் தடுமாறும் நடையும் வெவ்வேறு என்று வேலியிட்டுப் பிரித்தது அவர் செய்த பேருதவி.

இனி, அவர் பெயரைத் தாங்கிய நோய். சில ஆண்பிள்ளைகள் நடக்கப் பழகுவது பிந்துகின்றது. நடக்கத் தொடங்கியபின் அடிக்கடி விழுகின்றனர். படியேற முடிவதில்லை. முதுகை உள்வளைத்து, வயிற்றை முன்தள்ளி, நுனிக்காலிலே ஊன்றி, இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கின்றனர். ஆனால் அவர்களுடைய கெண்டைக்கால்களோ மல்லருடைய கால்கள் போலத் திரண்டு பருத்திருக்கின்றன. பெற்றோர் மயங்குவதிலே வியப்பென்ன? காலைப் பார்த்தால் பலசாலி. நடையைப் பார்த்தால் நோயாளி. சோம்பல் என்றும், பிடிவாதம் என்றும் சிறுவனைக் கடிந்துகொண்ட தாய் தந்தையர் எத்தனை பேரோ!

1861 ஆம் ஆண்டிலே இத்தகைய சிறுவன் ஒருவனைப் பற்றி டூசென் எழுதினார். பிள்ளையின் மூளையிலே குறையிருப்பதால் இந்நோய் வருகின்றது என்பது அப்போது அவர் கருத்து. அதனோடு அவர் அமைந்துவிடவில்லை. தசைக்குள்ளே செலுத்தி ஒரு சிறு துணுக்கை எடுத்துவரும் ஊசிபோன்ற கருவியைத் தாமே அமைத்தார். உயிரோடிருக்கும் நோயாளரின் தசையை இவ்வாறு எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது உண்மை வெளிப்பட்டது. பருத்த காலினுள்ளே தசையிழைகள் அழிந்திருந்தன. அவற்றின் இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பியிருந்தன. திரட்சி பொய், நடை சொன்னதே மெய். 1868 ஆம் ஆண்டில் 13 நோயாளரின் வரலாறுகளோடு விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டு, தசையே நோயின் இருப்பிடம் என்று உரைத்தார். ஏழாண்டுக்கு முன் தாம் அச்சேற்றிய கருத்தைத் தாமே அச்சிலே மாற்றிக்கொள்வது அறிஞர் எல்லார்க்கும் இயலுவதன்று.

இந்நோயை முதன்முதற் கண்டவர் அவர் என்று கூறுதல் நீதியாகாது. இலண்டனிலே எட்வேட் மெரியன் என்னும் வைத்தியர் 1851 ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு வைத்தியச் சபையின் முன் எடுத்துரைத்தார். குடும்பங்களிலே ஆண்பிள்ளைகளையே இது பற்றுகின்றது என்றும், முண்ணாணில் நோயில்லை, தசையிலேயே நோய் என்றும் அவர் கண்டிருந்தார். நோய்க்கு மெரியனின் பெயரே இடப்பட்டிருக்க வேண்டும் என்பாரும் உளர். அவ்வழக்கிலே மெரியன் பக்கத்து நியாயம் வலிது என்பதே எம் கருத்து. பெயர்கள் எப்போதும் முறைப்படி சென்று சேர்வதில்லை.

முகத்தசைகளையும் டூசென் விட்டுவைக்கவில்லை. முகத்திலே உணர்ச்சி குன்றிய முதியவர் ஒருவரின் தசைகளை மின்முனையால் ஒவ்வொன்றாக இயக்கி, அழுகை, அச்சம், மகிழ்ச்சி ஆகிய தோற்றங்களை உண்டாக்கிப் புகைப்படம் பிடித்து 1862 ஆம் ஆண்டில் நூலாக்கினார். உள்ளம் மகிழ்ந்து சிரிக்குங்கால் கண்ணைச் சூழ்ந்த தசையும் சேர்ந்து சுருங்குகின்றது என்றும், போலிச் சிரிப்பிலே வாய் மாத்திரமே அசைகின்றது என்றும் காட்டினார். அப்படங்களுட் சிலவற்றை டார்வின் 1872 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே எடுத்தாண்டார்.

அவரை மதித்தவர் ஒருவரும் இலர் என்று எண்ணற்க. துரூசோ என்னும் பெருவைத்தியர் ஆதரித்தார். 1862 ஆம் ஆண்டிலே சல்பெத்திரியே என்னும் பெரிய வைத்தியசாலையிலே பொறுப்பேற்ற சார்க்கோ, தம்மினும் 19 ஆண்டு மூத்த டூசெனைத் தம் ஆசான் என்றே கொண்டாடினார். ஆயிரக்கணக்கான முதிய பெண்களும் நாட்பட்ட நோயாளரும் வாழ்ந்த அவ்விடத்தின் கதவு பதவியற்ற அம்மனிதருக்கு என்றுந் திறந்திருந்தது. நோயாளரைப் புகைப்படம் பிடிக்கும் முறையையும், மின்சோதனையையும், நடையை உற்றுநோக்கும் பழக்கத்தையும் சார்க்கோ அவரிடமிருந்து பெற்றார். பின்னாளிலே சார்க்கோ உலகப் புகழ் எய்தி, மாணவர் நிறைந்த மண்டபத்திலே நோயாளரை நடக்கவிட்டும், அவர்களுடைய நடையைத் தாமே நடந்து காட்டியும் பாடஞ் சொன்னபோது, அதனைக் கேட்டோருள் எத்தனை பேர் பழைய டூசெனை நினைத்தனரோ அறியோம்.

அவர் இழந்த செல்வம் ஒன்று முதுமையிலே மீண்டு வந்தது. குழந்தைப் பருவத்திலே பிரிந்த மகன் எமில், தாமும் வைத்தியராகிப் பாரிஸ் வந்து தந்தையாரோடு சேர்ந்தார். நரம்பு நோய்களையே தம் துறையாகக் கொண்டு, 1864 ஆம் ஆண்டிலே இளம்பிள்ளைவாதத்தைப் பற்றி ஆய்வுநூல் ஒன்றும் வெளியிட்டார். ஏறத்தாழ முப்பதாண்டுப் பிரிவுக்குப் பின் தந்தையும் மைந்தரும் ஒரே நோயாளரின் காலைப் பார்த்து ஆராயும் பேறு பெற்றனர். அப்பேறு நீடிக்கவில்லை. பிரான்சு போரிலே தோற்று, பாரிஸ் முற்றுகையும் கலகமுங் கண்ட 1871 ஆம் ஆண்டளவிலே எமில் நெருப்புக்காய்ச்சலால் இறந்தார். நான்காண்டின் பின், 1875 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, மூளையிலே குருதி கசிந்து டூசெனும் உயிர்நீத்தார். பேராசிரியர் பதவியோ, வைத்தியசாலைப் பதவியோ, கழகங்களின் உயர்பதவியோ இறுதிவரை அவரைத் தேடி வரவில்லை.

அவர் தொடக்கிய ஆராய்ச்சி தொடர்ந்தது. 1886 ஆம் ஆண்டில், சார்க்கோவின் மாணவர் கில் த லா தூரெத்து என்பார், நோயாளரின் உள்ளங்கால்களிலே செந்தூள் பூசி, நிலத்தில் விரித்த நீண்ட காகிதச்சுருளின்மேல் நடக்கவிட்டு அடிச்சுவடுகளை அளந்தார். இலண்டனில் கவர்சு என்பார் 1879 ஆம் ஆண்டிலே, டூசென் நோயுற்ற சிறுவன் நிலத்திலிருந்து எழும் வகையை விளக்கினார். அச்சிறுவன் நேரே எழமாட்டான். முதலிற் குப்புறத் திரும்பிக் கைகளை ஊன்றுவான். பின்பு ஒரு கையை முழங்காலிலே வைப்பான். பின்பு மற்றக் கையை. பிறகு தொடைகளின்மேற் கைகளை மாற்றி மாற்றி வைத்து, தன் உடலையே ஏணியாகக் கொண்டு ஏறி நிமிர்வான்.

நோயின் மூலம் எதுவென்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியே வெளிப்பட்டது. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகின் குறை இது என்பது 1986 ஆம் ஆண்டிலும், அப்பரம்பரையலகு ஆக்கவேண்டிய டிசுத்திரபின் என்னும் புரதம் இச்சிறுவரின் தசையில் இல்லை என்பது 1987 ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. அப்புரதம் இன்றேல் தசையிழையின் உறை ஒவ்வொரு சுருக்கத்திலும் கிழிந்து கிழிந்து அழிகின்றது. தாய்மார் நோயின்றியே அக்குறையைத் தாங்கி ஆண்மக்களுக்கு அளித்தல் கூடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடத்திலோ தாயிடமும் இல்லாத குறை பிள்ளையிடத்தே புதிதாகத் தோன்றுகின்றது. ஏறக்குறைய 3,500 முதல் 5,000 வரையான ஆண்குழந்தைகளுக்கு ஒருவர் இந்நோயோடு பிறக்கின்றனர். மருந்தின்றி விட்டாற் பெரும்பாலார் 12 வயதளவிலே நடையை இழப்பர். பின்பு மூச்சுத்தசைகளும் இதயமும் தளரும். இன்று கொடுக்கப்படும் தெரொயிட்டு மருந்துகள் நடைக்காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டுகின்றன. மூச்சுக்கும் இதயத்துக்கும் செய்யப்படும் பேணுதலால் பலர் முப்பது வயதையுங் கடந்து வாழ்கின்றனர். முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை.

குருதிச் சோதனையும் பரம்பரையலகுச் சோதனையும் இன்று உறுதி சொல்லுகின்றன. ஆனால், அச்சோதனைகளைச் செய்விக்க வேண்டுமென்ற எண்ணம் ஒருவருக்கு முதலில் எழவேண்டுமே! ஆகையால், அடிக்கடி விழுகின்றான், படியேற அழுகின்றான் என்று தாயொருத்தி நான்கு வயது மகனைக் கொண்டுவந்தால், பயிற்சியுள்ள வைத்தியர் காற்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்துக் கெண்டைக்கால்களைப் பார்க்கின்றார். அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நடக்கச் சொல்லுகின்றார். பின்பு பிள்ளையை நிலத்திலே உட்காரவைத்து, எழுந்திரு என்று சொல்லிவிட்டு, கைகொடுக்காமற் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.